மண் உங்களுடையது, மண்ணுக்குக் கீழே இருப்பது யாருடையது?

வாசகி கடிதம்:

அண்ணா, வணக்கம். நாங்கள் ஆறு வருடமாக ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இருக்கிறோம். போன வருடம் ஊருக்கு வடமேற்கே, ஓசேஜ் கவுன்டி என்ற மாவட்டத்துக்குள் வரும் பகுதியில், மூன்று ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கினோம். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, பிற கனிமங்கள் எதுவும் இந்த விற்பனையில் சேராது, அவை ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடையவை என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. நாளைக்கு யாராவது வந்து கொல்லைப்புறத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டிவிடுவார்களோ என்று என் கணவருக்கு ஒரே கவலை.

என் கவலை வேறு. பக்கத்து வீட்டில் ஓசேஜ் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். நாங்கள் குடிவந்த வாரமே திராட்சைச் சாற்றில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றைச் செய்து, பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில், "எங்கள் கொள்ளுப்பாட்டியின் ஹெட்ரைட் இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கையில் இருக்கிறது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எட்டாவது படிக்கும் என் மகன், 1920களில் எண்ணெய்ப் பணத்துக்காக ஓசேஜ் மக்கள் கொல்லப்பட்டதை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்து கேட்டான். "அம்மா, அவர்கள் நிலத்தில்தான் நாம் இருக்கிறோமா? கட்டின புருஷனே எப்படிக் கொல்லுவான்? போலீஸ் என்ன செய்தது?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. கிண்ணம் இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. அவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாமா? மகனுக்கு என்ன சொல்வது?

— பெயர் வேண்டாம், டல்சா

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவரின் கவலையை முதலில் முடித்துவிடுகிறேன். அது எளிது. உங்கள் கேள்விகள்தான் கனமானவை.

பத்திரத்தில் உள்ள அந்த வரியில் மோசடி எதுவும் இல்லை. ஓசேஜ் கவுன்டியில் யார் நிலம் வாங்கினாலும் அந்த வரி இருக்கும். உங்களுக்கு வந்திருப்பது மேல்மண் மட்டும். வீடு, மரம், புல், வேலி எல்லாம் உங்களுடையது. கீழே உள்ள எண்ணெயும் எரிவாயுவும் மற்றக் கனிமங்களும் கவுன்டி முழுவதற்குமாகச் சேர்த்து ஓசேஜ் மக்களின் பொதுச்சொத்து. அமெரிக்க மத்திய அரசு அறங்காவலராக இருந்து அதைப் பார்த்துக்கொள்கிறது. குத்தகை எடுத்தவர் உங்கள் நிலத்தில் கிணறு தோண்ட வந்தால் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், சேதத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன.

நான் அதிகம் பயப்படுவது புதுக் கிணற்றுக்கு அல்ல, பழைய கிணற்றுக்கு. இந்தக் கவுன்டியில் நூறு வருடத்துக்கு மேலாகத் தோண்டியிருக்கிறார்கள். சரியாக மூடாமல் விட்ட பழைய குழாய்கள் புதருக்குள் கிடக்கும். உங்கள் மூன்று ஏக்கரையும் ஒருமுறை நிதானமாக நடந்து பாருங்கள். எத்தனை மழை பெய்தாலும் புல் முளைக்காத திட்டு எங்காவது இருந்தால், எண்ணெயோடு மேலே வந்த உப்புநீர் அங்கே கொட்டப்பட்டிருக்கலாம். வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்றால் உப்புக்கும் எண்ணெய்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். பழைய கிணறுகளின் பதிவைக் கேட்க மாநில அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஓக்லஹோமாவின் மற்றக் கவுன்டிகளைப் போல இங்கே எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிக்கும் மாநிலக் கமிஷனுக்கு அதிகாரம் கிடையாது. பாஹஸ்கா ஊரில் மத்திய அரசின் ஓசேஜ் ஏஜென்சி இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

வீட்டை நீட்டிக் கட்ட அஸ்திவாரம் தோண்டலாமா என்றால், தாராளமாகத் தோண்டலாம். ஆனால் தோண்டி எடுத்த பாறையை உடைத்து, தரம் பிரித்துப் பயன்படுத்துவது வேறு விஷயம். இதே கவுன்டியில் 84 காற்றாலைகளை நிறுவிய ஒரு நிறுவனம் அப்படித்தான் செய்தது. அது சுரங்க வேலை, அதற்கு ஓசேஜ் மக்களிடம் குத்தகை வாங்கியிருக்க வேண்டும் என்று 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தக் காற்றாலைகளை அகற்ற வேண்டும் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. உங்கள் பத்திரத்தின் அந்த ஒற்றை வரிக்கு இன்றைக்கும் அவ்வளவு பலம் இருக்கிறது.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன்.

எண்ணெய் நிலங்களுக்கு வில்லங்கம் பார்ப்பது என் தொழில். நூறு வருடத்துக்கு முந்தைய வாரிசு வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டியே பாதி வாழ்நாள் போயிற்று. ஓசேஜ் கவுன்டிக் கட்டுகளை முதன்முதலில் திறந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்தடுத்த கட்டுகளில் ஒரே சில பேர்கள். ஒன்றில் கார்டியன், அடுத்ததில் எஸ்டேட் நிர்வாகி, அதற்கடுத்ததில் கடன்காரர். சொத்துக்காரர்களோ இருபது, முப்பது வயதில் இறந்திருந்தார்கள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இந்தக் கதையைக் கொலையிலிருந்து தொடங்க எனக்கு வராது. காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

"அவர்கள் நிலத்தில்தான் நாம் இருக்கிறோமா?" என்று கேட்டானே, ஆமாம் என்று நேராகவே சொல்லுங்கள். அது சும்மா கிடைத்த நிலமும் இல்லை. வஷாஷே என்பதுதான் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். மிசூரி, ஆர்கன்சா, கான்சாஸ் என்று பெரும்பரப்பில் வாழ்ந்தவர்களை ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டுச் சுருக்கினார்கள். கடைசியில் கான்சாஸ் நிலத்தையும் விற்கச் சொன்னபோது, அந்தப் பணத்தைக் கொண்டு 1870களில் செரோக்கி என்ற இன்னொரு பழங்குடி மக்களிடமிருந்து இந்த மலைப்பாங்கான இடத்தை விலைக்கு வாங்கினார்கள். சுமார் 14.7 லட்சம் ஏக்கர். பாறை நிலம், கலப்பை இறங்காது, வெள்ளைக்காரர்கள் இதற்கு ஆசைப்பட மாட்டார்கள், நாம் நிம்மதியாக இருக்கலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்களாம். பட்டபாட்டின் அனுபவத்தில் போட்ட கணக்கு அது. 1897ல் அந்தப் பாறைக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது.

ஓக்லஹோமாவை மாநிலமாக்குவதற்கு முன் பழங்குடி நிலங்களையெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துவிட அரசு முனைந்தது. பிரித்துவிட்டால் ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியாக வாங்கிவிடலாம் அல்லவா. ஓசேஜ் தலைவர் ஜேம்ஸ் பிக்ஹார்ட்டும் அவரோடு இருந்தவர்களும் விடாமல் பேரம் பேசினார்கள். 1906ல் வந்த சட்டத்தில் நிலம் ஆளுக்குச் சுமார் 657 ஏக்கர் என்று பிரிந்தது. ஆனால் கனிமம் பிரியவில்லை, எல்லோருக்கும் பொதுவாக நின்றது. பட்டியலில் பெயர் ஏறிய 2,229 பேருக்கும் அதன் வருமானத்தில் ஆளுக்கொரு சமபங்கு. அந்தப் பங்குக்குப் பெயர்தான் ஹெட்ரைட். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது இதைத்தான்.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள், மொத்தக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹெட்ரைட்டை நினைத்தபடி விற்க முடியாது. அதைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் உடையவர் இறந்தால் வாரிசுக்குப் போகும். வாரிசு ஓசேஜாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆக, வெளியாள் ஒருவருக்கு அந்தப் பங்கு முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஒரே வழிதான். ஒரு ஓசேஜ் குடும்பத்துக்கு வாரிசாக வேண்டும். அப்புறம் அந்தக் குடும்பத்தில் சாவு விழ வேண்டும்.

அந்தப் பங்கின் மதிப்பு எவ்வளவு என்று பையன் கேட்பான். 1920ல் பர்பேங்க் எண்ணெய் வயல் திறந்தது. பாஹஸ்காவில் ஒரு எல்ம் மரத்தடியில் குத்தகை ஏலம் நடக்கும், பெரிய எண்ணெய் முதலாளிகள் எல்லாம் வந்து உட்காருவார்கள். 1922ல் வெறும் 160 ஏக்கர் குத்தகை பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போயிற்று. அந்த மரத்துக்கே மில்லியன் டாலர் எல்ம் என்று பெயர் வந்துவிட்டது. 1923ல் மட்டும் ஓசேஜ் மக்களுக்கு வந்த தொகை மூன்று கோடி டாலருக்கு மேல். ஒரு ஹெட்ரைட்டுக்கு வருடத்துக்கு 12,000 டாலருக்கு மேல், அந்தக் காலத்துப் பணத்தில். உலகத்திலேயே தலைக்கு அதிக வருமானம் உள்ள மக்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்கள் கார் வாங்கியதையும் வேலைக்கு வெள்ளைக்காரர்களை வைத்திருந்ததையும் ஏதோ வேடிக்கை போல எழுதின.

ஆனால் அந்தப் பணத்தை அவர்களில் பலரால் தொட முடியவில்லை. பாதியோ அதற்கு மேலோ பழங்குடி ரத்தம் உள்ளவர்களுக்குச் சொந்தமாகப் பணம் நிர்வகிக்கத் தகுதி இல்லை என்று வைத்துக்கொண்டு, உள்ளூர் நீதிமன்றம் கார்டியன் நியமித்தது. 1921ல் வந்த சட்டம் அதை இன்னும் இறுக்கியது. தகுதிச் சான்றிதழ் இல்லாத பெரியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஆயிரம் டாலர், அவ்வளவுதான் கையில் கிடைக்கும். நம் ஊரில் மைனருக்குத்தான் கார்டியன் போடுவோம். இங்கே பேரன் பேத்தி எடுத்தவர்களும் சட்டத்தின் கணக்கில் மைனர்தான். பிள்ளைக்கு மருந்து வாங்கக்கூட ஊர் வக்கீலிடமோ கடை முதலாளியிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கடை முதலாளியே பல நேரம் கார்டியன். தன் கடைச் சாமானைத் தான் வைத்த விலைக்கு, தன் பொறுப்பில் உள்ளவர் கணக்கில் எழுதிக்கொள்வார். சவப்பெட்டிக்குக்கூட ஓசேஜ்களுக்கு என்று தனி விலை இருந்தது. இதில் எதுவும் இரவில் ஒளிந்து நடக்கவில்லை. எல்லாம் நீதிமன்ற முத்திரையோடு நடந்தது.

இந்த மண்ணில்தான் கொலைகள் முளைத்தன. மாலி பர்க்ஹார்ட் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா லிசி. மகள்கள் ஆனா, மாலி, மினி, ரீட்டா. மினி 1918ல் இருபத்தேழு வயதில் இனம்தெரியாத நோயில் கரைந்து போனாள். 1921 மே மாதம் ஆனா காணாமல் போனாள். ஒரு வாரம் கழித்து ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஓடைப் பள்ளத்தில், தலையின் பின்பக்கம் சுடப்பட்டுக் கிடந்தாள். ஏறத்தாழ அதே நாளில் சார்லஸ் வைட்ஹார்ன் என்ற இன்னொரு ஓசேஜின் உடலும் பாஹஸ்கா பக்கத்தில் கிடைத்தது. இரண்டு மாதத்தில் அம்மா லிசியும் போனாள். விஷம் என்று வீட்டார் சந்தேகப்பட்டார்கள். 1923 பிப்ரவரியில் மாலியின் உறவினர் ஹென்றி ரோன் தன் காருக்குள் சுடப்பட்டுக் கிடந்தார். அடுத்த மாதம் 10ஆம் தேதி பின்னிரவில் ரீட்டாவின் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ரீட்டாவும் வேலைக்கு இருந்த பெண் நெட்டி புரூக்‌ஷியரும் அங்கேயே இறந்தார்கள். ரீட்டாவின் கணவர் பில் ஸ்மித் நான்கு நாள் கழித்து இறந்தார்.

ஒவ்வொரு சாவுக்கும் பங்குகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பாருங்கள். மினியும் ஆனாவும் போனதில் அம்மாவிடம் சேர்ந்தது. அம்மா போனதும் மீதமிருந்த மகள்களுக்கு வந்தது. ரீட்டாவும் போனால் மாலிக்கு. மாலியின் கணவன் எர்னஸ்ட் பர்க்ஹார்ட். எர்னஸ்டின் மாமன் வில்லியம் ஹேல், பெரிய கால்நடைப் பண்ணைக்காரன். ஓசேஜ் மக்களுக்கு உற்ற நண்பன் என்று ஊரே நம்பிய ஆள். ஹென்றி ரோன் பெயரில் 25,000 டாலருக்கு ஆயுள் காப்பீடு எடுத்து, அதில் தன்னையே பயனாளி ஆக்கிக்கொண்டவனும் அவன்தான். ரோனின் சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களில் ஒருவனும் அவன்தான்.

ரீட்டா வீட்டுக்கு ஏன் துப்பாக்கி போதவில்லை, ஏன் வெடி வைத்தார்கள்? வில்லங்கம் பார்க்கிறவனுக்கு இது உடனே உறைக்கும். கணவன் மனைவி இருவரும் ஒரே நொடியில் இறந்தால்தான் ரீட்டாவின் சொத்தில் பெரும்பகுதி அக்கா மாலிக்கு வரும். பில் நான்கு நாள் உயிரோடு கிடந்ததால் அவருக்குச் சேர்ந்து, அவர் இறந்ததும் அவர் பக்கத்து உறவுக்குப் போய்விட்டது. யார் எத்தனை நாள் முன்பின்னாக இறக்க வேண்டும் என்பது வரை கணக்குப் போட்டுச் செய்த வேலை. இதை எழுதும்போது இப்போதும் என் கை நடுங்குகிறது.

மிஞ்சியிருந்தவள் மாலி. அவளுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பு தேறுவதற்குப் பதில் மோசமாகிக்கொண்டே போனது. அந்த வீட்டிலிருந்து பிரித்து வேறு மருத்துவரிடம் சேர்த்த பிறகு எழுந்து உட்கார்ந்தாள். ஊசி போட்டவர்கள் மீது கடைசி வரை வழக்குப் பதியவில்லை.

போலீஸ் என்ன செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன். உள்ளூரில் விசாரணை அதிகாரி, மருத்துவர், ஜூரி எல்லோரும் ஒரே வட்டம். துப்பு வைத்திருந்தவர்களும் பிழைக்கவில்லை. உதவி கேட்டு வாஷிங்டன் போன எண்ணெய் வியாபாரி பார்னி மெக்பிரைட் அங்கேயே கொல்லப்பட்டார். சாகக் கிடந்த ஜார்ஜ் பிக்ஹார்ட் என்ற ஓசேஜிடம் பேசிவிட்டு ரயிலில் திரும்பிய வக்கீல் வாகனின் உடல் தண்டவாளத்தோரம் கிடைத்தது. அந்த 1923லேயே ஓசேஜ் மன்றம் மத்திய அரசிடம் தீர்மானம் போட்டுக் கேட்டது. பிற்காலத்தில் எஃப்.பி.ஐ. ஆன புலனாய்வுத் துறை வந்தது. டாம் வைட் தலைமையில் மாறுவேடத்தில் ஆட்கள் ஊருக்குள் இருந்து உண்மையைக் கொண்டுவந்தார்கள். இந்த விசாரணைக்கு ஆன செலவை ஓசேஜ் மக்களிடமே வாங்கினார்கள் என்பதைப் பையனிடம் மறக்காமல் சொல்லுங்கள். தங்களைக் கொல்கிறவர்களைப் பிடிக்கத் தாங்களே பணம் கட்டினார்கள்.

வழக்கும் ஒரு நூலிழையில்தான் நின்றது. மற்றக் கொலைகள் நடந்த இடங்கள் மாநில எல்லைக்குள் வந்தன. உள்ளூர் ஜூரியை நம்பி அங்கே போக முடியாது. ஹென்றி ரோன் இறந்த இடம் மட்டும், உடையவர் விற்க முடியாதபடி மத்திய அரசு தடை வைத்திருந்த ஓசேஜ் ஒதுக்கீட்டு நிலம். அதனால் அந்த ஒரு கொலைக்கு மத்திய நீதிமன்றத்தில் வழக்கு நடத்தலாம் என்று 1926ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எர்னஸ்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான். ஹேலுக்கும், சுட்ட ஜான் ராம்சேக்கும் முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் தண்டனை கிடைத்து, அது மேல்முறையீட்டில் ரத்தாகி, கடைசியில் 1929ல் ஆயுள் தண்டனை நிலைத்தது. ஹேல் 1947ல் பரோலில் வெளியே வந்துவிட்டான். எர்னஸ்ட் 1937ல் வந்து, ஒரு ஓசேஜ் வீட்டிலேயே திருடி மறுபடி உள்ளே போய், 1966ல் மாநில ஆளுநரின் மன்னிப்பும் பெற்றான்.

1921க்கும் 1925க்கும் இடையில் கொல்லப்பட்டவர்கள் 24 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. அதை நான் நம்பவில்லை. காசநோய், கள்ளச்சாராயம், காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடிய கட்டுகள் எத்தனையோ. சடலத்தைச் சோதித்துப் பார்க்க அன்று யாருக்கும் மனம் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கொள்ளுப்பாட்டி எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அந்தக் கேள்வி மூன்று தலைமுறையாக இருந்துகொண்டே இருக்கும்.

கொலைகளைப் பெரிய அளவில் நிறுத்தியது எது என்று கேட்டால், என் தொழில் கண்ணில் அது ஒரு சட்டத்திருத்தம். 1925 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவரின் ஹெட்ரைட் இனி ஓசேஜ் அல்லாத வாரிசுக்குப் போகாது. ஓசேஜ் ஒருவரைக் கொன்றதாகத் தண்டனை பெற்றவருக்கு அவர் சொத்தில் உரிமை இல்லை. நம் ஊரிலும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25வது பிரிவு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. கொன்றவன் வாரிசாக முடியாது. கொலையால் லாபம் கிடையாது என்று எழுதுவதற்கு ஒரு பக்கம் காகிதம் போதும். அந்தப் பக்கம் 1906லேயே எழுதப்பட்டிருந்தால் மாலியின் வீட்டில் ஐந்து பெண்களும் பண்டிகைக்குச் சேர்ந்து சமைத்திருப்பார்கள்.

ஆனால் 1925க்கு முன் கைமாறிய பங்குகள் கைமாறியவைதான். இன்றும் ஹெட்ரைட்டுகளில் நான்கில் ஒரு பங்குக்குக் கிட்டத்தில் ஓசேஜ் அல்லாதவர்களிடம் இருக்கிறது. தனிமனிதர்கள், தேவாலயங்கள், கல்லூரிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். எல்லாம் கொலையில் வந்தவை என்று சொல்லவில்லை. சில பரிசாகவும் போயிருக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இன்னும் காசோலை போகிறது. பாட்டி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

சரி, மகனுக்கு எப்படிச் சொல்வது? எட்டாவது படிக்கிற பையன், உண்மையைத் தாங்குவான். ஒரு கெட்ட மாமன், ஒரு நல்ல துப்பறிவாளர், கடைசியில் சிறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் ஹேல் செத்ததோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பான். அவனை ஒரு காகிதத்தில் மாலியின் குடும்ப மரத்தை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு பங்கு என்று எழுதி, ஒவ்வொருவராக இறக்கும்போது அந்தப் பங்கு எங்கே போகிறது என்று அவனே அம்புக்குறி போடட்டும். கார்டியன் யார், அவரை நியமித்தது யார், இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார் என்று பக்கத்தில் எழுதட்டும். எத்தனை பேர் கை அதில் பட்டிருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கட்டின புருஷன் எப்படிக் கொல்லுவான் என்ற கேள்விக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை, தங்கை. எர்னஸ்டுக்கும் மாலிக்கும் மூன்று குழந்தைகள். நோய்ப்படுக்கையில் அவளைப் பார்த்துக்கொண்டவனும் அவன்தான். அவன் மேல் பாசமே இல்லாமல் அவள் வாழ்ந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. இதைப் பையனிடம் மழுப்ப வேண்டாம். "எனக்கும் புரியவில்லை" என்று அம்மா சொல்வதைப் பிள்ளை கேட்கலாம், ஒன்றும் தவறில்லை. மாலி பிழைத்தாள் என்பதையும் சொல்லுங்கள். எர்னஸ்டை விவாகரத்து செய்தாள், ஜான் காப் என்பவரை மறுமணம் செய்துகொண்டாள். 1931ல் நீதிமன்றம் கார்டியனை நீக்கி அவள் பணத்தை அவள் கையில் கொடுத்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தன் காசைத் தானே செலவு செய்யும் உரிமை அவளுக்கு வந்தது. 1937ல் இறந்தாள். கிரேஹார்ஸ் கல்லறையில் அம்மா, சகோதரிகள் பக்கத்தில் இருக்கிறாள்.

ஓசேஜ் மக்களை இறந்துபோனவர்களாக மட்டும் பையன் மனதில் பதிய வைக்காதீர்கள். தங்கள் கனிமப் பணத்தைச் சரியாக நிர்வகிக்கவில்லை என்று மத்திய அரசு மேல் வழக்குப் போட்டு, 2011ல் 38 கோடி டாலர் வாங்கினார்கள். 2016ல் தங்கள் பழைய நிலத்திலேயே சுமார் 43,000 ஏக்கர் பண்ணையைத் திரும்ப விலைக்கு வாங்கினார்கள். இரண்டாவது முறையாகக் காசு கொடுத்து வாங்கிய தங்கள் மண். ஒரு சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு பாஹஸ்கா போங்கள், டல்சாவிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே ஓசேஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பழங்குடி மக்கள் தாங்களே சொந்தமாக நடத்தும் அருங்காட்சியகங்களில் அமெரிக்காவிலேயே பழையது, 1938ல் திறந்தது. 1906 பட்டியலில் இருந்தவர்களின் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு முகமாகப் பாருங்கள்.

கடைசியாக, பாட்டியிடம் கேட்கலாமா? நீங்களாகக் கேட்க வேண்டாம். இந்தக் கதை வெளியில் பரவிய பிறகு, முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து "உங்கள் வீட்டில் யாரையாவது கொன்றார்களா" என்று கேட்பது அங்கே பல குடும்பங்களுக்கு அலுத்துப்போன வேதனை. நம் வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்திருந்தால், புதிதாகக் குடிவந்தவரிடம் அதை முதல் பேச்சாகப் பேசுவோமா? அவர் ஹெட்ரைட் பற்றி வாய்திறந்ததே உங்களை நம்பித்தான். மறுபடி அவராகத் தொடங்கினால் உட்கார்ந்து கேளுங்கள். "ஹெட்ரைட் என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரியாது பாட்டி, இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன்" என்று சொன்னால் போதும். மன்னிப்பு கேட்கிறேன் என்று அழுது அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

ஜூன் மாதம் பாஹஸ்கா, ஹோமினி, கிரேஹார்ஸ் ஊர்களில் அவர்களுடைய இன்லோன்ஷ்கா நடனம் நடக்கும். அவர் அழைத்தால் குடும்பத்தோடு போங்கள். அங்கே படம் எடுக்கக் கூடாது, கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். எங்கே உட்காருவது என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தக் கிண்ணம். ஒரு வருடமாக அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வைத்திருப்பது நம் வழக்கமும் இல்லை, காலியாகத் திருப்பிக் கொடுப்பதும் நம் வழக்கம் இல்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரைப்பொங்கல் செய்து எடுத்துக்கொண்டு போங்கள். பையனையும் கூட்டிப் போங்கள். அவனே கையில் கொடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்